உஜிகாமி: சின்னக் கோயிலில் ஒரு மணி நேரம்

கியோத்தோவின் புகழ்பெற்ற கோயில்களில் கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்து சலித்தவர்களுக்கு நான் சொல்லும் ஊர் உஜி. கியோத்தோவுக்குத் தெற்கே, ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். பிவா ஏரியிலிருந்து இறங்கி வரும் உஜி ஆறு ஊரின் நடுவே இரைச்சலோடு ஓடுகிறது. மேற்குக் கரையில் பியோதோயின் என்ற பௌத்த ஆலயம். ஜப்பானின் 10 யென் நாணயத்தில் பொறித்திருக்கும் ஃபீனிக்ஸ் மண்டபம் அங்கேதான் இருக்கிறது. வருகிறவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்த்து, தேநீர்க் கடைத் தெருவில் பச்சை ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ரயிலேறிவிடுவார்கள். ஆற்றைத் தாண்டுகிறவர்கள் குறைவு.

அந்த மறுகரையில், ஒரு குன்றின் அடிவாரத்தில், மரங்களுக்கு நடுவே உஜிகாமி கோயில் இருக்கிறது. இன்று ஜப்பானில் எஞ்சி நிற்கும் ஷின்தோ கோயில் கட்டடங்களில் இதுவே மிகப் பழையது. 1994இல் பழைய கியோத்தோவின் வரலாற்றுச் சின்னங்கள் என்று 17 இடங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இதையும் சேர்த்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது.

சின்னக் கோயில்தான். எதைப் பார்ப்பது என்று தெரியாமல் போனால் பத்து நிமிடத்தில் சுற்றி முடித்துவிடலாம். வாசலில் படம் எடுத்துக்கொண்டு, "இவ்வளவுதானா?" என்ற முகத்தோடு திரும்புகிறவர்களை அங்கே எந்த நாளிலும் காணலாம். அப்படித் திரும்பாமல் ஒரு மணி நேரமாவது அங்கே இருக்கச் செய்வதற்காகத்தான் இந்த அத்தியாயம்.

போகும் வழி, போகும் நேரம்

கியோத்தோ நிலையத்திலிருந்து ஜேஆர் நாரா பாதையில் ஏறுங்கள். விரைவு ரயில் இருபது நிமிடத்துக்குள் உஜிக்கு வந்துவிடும். எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டி சற்று மெதுவானது, ஆனால் ஃபுஷிமி இனாரி கோயில் வாசலில் உள்ள இனாரி நிலையத்தில் நிற்கும். விரைவு வண்டி அங்கே நிற்காது. இரண்டு கோயில்களையும் ஒரே நாளில் பார்க்க நினைப்பவர்கள் இதைக் கவனித்து ஏற வேண்டும். ஜேஆர் பாஸ் வைத்திருந்தால் தனியாகச் சீட்டு வாங்க வேண்டாம். இகோகா, சுய்கா போன்ற அட்டை இருந்தால் தட்டிவிட்டுப் போகலாம்.

ஜேஆர் நிலையம் மேற்குக் கரையில் இருக்கிறது. அங்கிருந்து கோயிலுக்கு இருபது நிமிட நடை. கெய்ஹான் ரயிலின் உஜி நிலையம் கிழக்குக் கரையிலேயே இருப்பதால் நடை பாதியாகக் குறையும். கியோன் பகுதியில் தங்கியிருப்பவர்களுக்குக் கெய்ஹானே வசதி. சூஷோஜிமா நிலையத்தில் இறங்கி உஜி கிளைப்பாதை வண்டிக்கு மாற வேண்டும், அவ்வளவுதான். பெரிய பெட்டிகளை இழுத்துக்கொண்டு வராதீர்கள். கியோத்தோ நிலையத்தில் காசு போட்டுப் பூட்டும் லாக்கர்கள் நிறைய இருக்கின்றன.

எல்லா வழிகாட்டிகளும் பியோதோயினை முதலிலும் உஜிகாமியை "நேரம் இருந்தால்" என்ற வரிசையிலும் போடுகின்றன. என் யோசனை நேர்மாறானது. காலை ஒன்பது மணி வாக்கில் உஜிகாமிக்கு வந்துவிடுங்கள். கிழக்கே குன்று இருப்பதால் வெயில் தாமதமாகத்தான் இறங்கும், கல்லும் பாசியும் ஈரத்தோடு இருக்கும், கோயில் மண்டபத்தின் முன்னால் நீங்கள் மட்டும் நிற்கலாம். பியோதோயின் பரந்த இடம். கூட்டத்தைத் தாங்கும். சின்ன முற்றம் தாங்காது. ஒரே ஒரு சுற்றுலாக் குழு வந்தாலே உஜிகாமியின் அமைதி போய்விடும். மாலையில் போவதானால் நான்கு மணிக்கு முன்பே போய்விட வேண்டும். ஷின்தோ கோயில் அலுவலகங்கள் சீக்கிரமே கதவடைத்துவிடும்.

ஏப்ரல் தொடக்கத்தில் ஆற்றங்கரையெங்கும் செர்ரி பூக்கும். நவம்பர் பின்பாதியில் மேப்பிள் சிவக்கும். இரண்டு சமயத்திலும் கூட்டம் உண்டு. ஜூனில் தொடங்கும் மழைக்காலத்தை யாரும் பரிந்துரைப்பதில்லை, நான் பரிந்துரைக்கிறேன். மரப்பட்டைக் கூரையில் விழும் மழைக்குச் சத்தமே இருக்காது. குடையும் கொசு மருந்தும் மறக்க வேண்டாம்.

ஆற்றின் மறுபக்கம்

பியோதோயின் பக்கமிருந்து வருபவர்கள் ஆற்றின் நடுத்திட்டு வழியாக, சிவப்புக் கைப்பிடி வைத்த அசாகிரி பாலத்தைக் கடப்பார்கள். பாலத்தின் கிழக்கு முனையில் ஒரு படகும் அதில் ஓர் ஆணும் பெண்ணுமாக ஒரு சிலை இருக்கும். முராசாகி ஷிகிபு 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய கெஞ்சியின் கதையின் கடைசிப் பத்து அத்தியாயங்கள் நடப்பது இந்த ஊரில். படகில் இருப்பவர்கள் அதில் வரும் உகிஃபுனேயும் இளவரசன் நியோவும்.

பாலத்துக்கு எதிரே ஒரு சிவப்புத் தோரி தெரியும். தோரி என்பது ஷின்தோ கோயிலின் நுழைவுச் சட்டம், இரண்டு தூண்களும் மேலே குறுக்கு மரங்களும். இது உஜிகாமியின் தோரி அல்ல. உஜி கோயில் என்ற இன்னொரு கோயிலுடையது. மெய்ஜி பேரரசர் காலம் வரை மேற்கோயில், கீழ்க்கோயில் என்று இரண்டும் ஒரே கோயிலின் பகுதிகளாக இருந்தன. பிறகு தனித்தனியாகப் பிரிந்தன. பலர் கீழ்க்கோயிலைப் பார்த்துவிட்டு உஜிகாமியைப் பார்த்துவிட்டதாக நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அதை வணங்கிவிட்டு, சவாராபி பாதை என்ற கல் பாவிய சிறு தெருவில் மேலே ஏறுங்கள். சில நிமிடங்களில் வலப்பக்கம் மேற்கோயிலின் வாசல் வரும்.

ஆற்றில் கவிழ்ந்த அண்ணன், வழியில் அழுகிய மீன்

உள்ளே போகும் முன் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. இங்கே மூன்று பேர் தெய்வங்களாக இருக்கிறார்கள்: பேரரசர் ஓஜின், அவருடைய இரண்டு மகன்கள். கதை எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட கோஜிகி, நிஹோன் ஷோகி என்ற இரண்டு நூல்களில் வருகிறது. கதை நடந்ததாகச் சொல்லும் காலம் புராணக் காலம். ஆண்டுக் கணக்கு கேட்காமல் படிக்க வேண்டிய பகுதி.

ஓஜினுக்கு இளைய மகன் உஜி நோ வாகிஇராட்சுகோ மேல் பிரியம். கொரியாவின் பெக்சே நாட்டிலிருந்து வந்த வானி என்ற அறிஞரிடம் சீன நூல்களைக் கற்றவன் அவன். மூத்தவர்கள் இருக்க, அவனையே பட்டத்து இளவரசனாக்கினார் தந்தை. அவர் இறந்ததும் ஓயாமாமோரி என்ற அண்ணன் படை திரட்டிக்கொண்டு வந்தான். தம்பிக்கு முன்கூட்டியே செய்தி தெரிந்துவிட்டது. படகோட்டி வேடம் போட்டு, துடுப்பைப் பிடித்துக்கொண்டு, அண்ணனைத் தானே படகில் ஏற்றினான். நடு ஆற்றில் படகைக் கவிழ்த்தான். ஓயாமாமோரி மூழ்கிப் போனான். நீங்கள் இப்போது கடந்து வந்த அதே ஆறு.

எதிரி ஒழிந்தான், இனி அரியணை ஏறலாம். தம்பி ஏறவில்லை. மூத்தவரான இன்னொரு அண்ணன் ஓசாசாகியே ஆள வேண்டும் என்றான். அப்பா உன்னைத்தான் சொன்னார் என்று ஓசாசாகி மறுத்தார். மூன்று ஆண்டுகள் நாட்டுக்கு அரசனே இல்லை. அந்த நாட்களில் ஒரு மீனவன் அரசனுக்குக் காணிக்கையாகப் புது மீன் கொண்டு உஜிக்கு வந்தானாம். "நான் அரசனில்லை, நானிவாவில் இருக்கும் அண்ணனிடம் கொண்டு போ" என்றான் தம்பி. நானிவா இன்றைய ஒசாகா. அங்கே போனால் அண்ணன் உஜிக்கே திருப்பி அனுப்பினார். அலைந்ததில் மீன் அழுகிவிட்டது. வேறு மீன் பிடித்து வந்தான், அதற்கும் அதே கதி. கடைசியில் மீனை வீசிவிட்டு உட்கார்ந்து அழுதான். அரச குடும்பத்தின் பெருந்தன்மைக்கு ஒரு மீனவன் கொடுத்த விலையை அரசவை வரலாற்றிலேயே எழுதிவைத்த அந்தப் பழைய எழுத்தர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

முடிவு சோகமானது. தான் உயிரோடு இருக்கும் வரை அண்ணன் ஏற்கமாட்டார் என்று தம்பி உயிரை மாய்த்துக்கொண்டதாக நிஹோன் ஷோகி சொல்கிறது. இளமையிலேயே இறந்தான் என்று மட்டும் கோஜிகி சொல்லி நிறுத்திக்கொள்கிறது. ஓசாசாகி அரியணை ஏறி நிந்தோகு ஆனார். உஜிகாமியில் நடுவில் தந்தையும் இரு பக்கமும் இந்த இரண்டு மகன்களும் இருக்கிறார்கள். தம்பி இந்தப் பக்கம் வந்து வழி தவறியபோது ஒரு முயல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வழி காட்டியதாக ஊர்க்கதை. கீழ்க்கோயிலில் கழுத்தைத் திருப்பிய முயல் பொம்மைகளைப் பார்த்தால் காரணம் இதுதான்.

உள்ளே

வாசலில் தோரியின் முன் நின்று லேசாகத் தலை வணங்கிவிட்டு நுழைவது வழக்கம். பாதையின் நடுப்பகுதி தெய்வத்துக்கு உரியது என்பதால் ஓரமாக நடப்பார்கள். செருப்பைக் கழற்ற இடம் தேடாதீர்கள். நம் பழக்கத்தில் கால் தானாகத் தயங்கும். ஷின்தோ கோயில் வளாகத்துக்குள் காலணியோடுதான் நடக்க வேண்டும். மண்டபத்தின் மரத்தளத்தில் ஏறும் இடத்தில்தான் கழற்றுவார்கள், இங்கே வருகிறவர்கள் மண்டபத்தில் ஏறுவதில்லை.

நேர் எதிரே தெரியும் கட்டடம் ஹைதென் என்ற வழிபாட்டு மண்டபம். அதன் முன்னால் வெண்மணலைக் கூம்பாகக் குவித்த இரண்டு மேடுகள் இருக்கும். அவை அலங்காரம் அல்ல. வளாகத்தைத் தூய்மை செய்வதற்காக வைத்திருக்கும் மணல். ஆண்டுதோறும் செப்டம்பர் தொடக்கத்தில் புது மணல் கொண்டுவந்து சேர்ப்பார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் அவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்தைப் பார்த்ததும் கோயில் என்று தோன்றாது, பழைய பிரபு ஒருவரின் வீடு என்றுதான் தோன்றும். தோன்றுவது சரி. முராசாகி வாழ்ந்த ஹெயான் காலப் பிரபுக்களின் மாளிகைப் பாணியிலேயே கட்டியிருக்கிறார்கள். தரையிலிருந்து உயர்ந்த தளம், சுற்றிலும் திண்ணை போல ஓடும் தாழ்வாரம், மேலே கீல் வைத்துத் தூக்கிக் கட்டும் கட்டம் போட்ட மரத் தட்டிகள். அந்தக் கால மாளிகைகள் ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. முராசாகியின் பாத்திரங்கள் எப்படிப்பட்ட வீட்டில் உட்கார்ந்து மழையைப் பார்த்திருப்பார்கள் என்று அறிய விரும்புகிறவர்கள் இந்த மண்டபத்தின் முன்னால் வந்துதான் நிற்க வேண்டும். மர வளையங்களை ஆராய்ந்ததில் இதன் மரம் 1215ஐ ஒட்டிய காலத்தது என்று தெரிந்தது. கூரையைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். நடுக்கூரையின் சரிவு இரு ஓரங்களிலும் சற்று முறிந்து இன்னொரு சரிவாக இறங்குகிறது. பல அடுக்காக வேய்ந்த ஹினோகி மரப்பட்டை அந்த முறிவைக்கூட வளைவாகக் காட்டுகிறது. பட்டையை உயிருள்ள மரத்திலிருந்தே உரிப்பார்கள். மரம் சாகாது, சில ஆண்டுகளில் மறுபடி பட்டை வளரும். கூரையைச் சுமார் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுதாக மாற்றி வேய்வார்கள்.

மண்டபத்தின் வலப்பக்கம் ஒரு சிறு கொட்டகைக்குள் கிரிஹாரா ஊற்று இருக்கிறது. தேயிலைக்குப் பேர்போன உஜியில் ஏழு புகழ்பெற்ற ஊற்றுகள் இருந்தன. அவற்றில் ஆறு வறண்டு போயின. மிஞ்சியது இது ஒன்றுதான். கை கழுவித் தூய்மை செய்துகொள்வது இந்த நீரில். வலக்கையால் அகப்பையில் மொண்டு இடக்கையைக் கழுவுங்கள். கை மாற்றி வலக்கை. மறுபடி மாற்றி, இடது உள்ளங்கையில் நீர் விட்டு வாய் கொப்பளித்துக் கீழே துப்புங்கள். அகப்பையில் நேரடியாக வாய் வைக்கக் கூடாது. கடைசியில் அகப்பையை நிமிர்த்திப் பிடித்தால் மீதி நீர் கைப்பிடியைக் கழுவிக்கொண்டு இறங்கும். இவ்வளவும் ஒரே மொண்ட நீரில் முடிய வேண்டும் என்பதால் முதலிலேயே நிறைய விட்டுவிடாதீர்கள். ஊற்று நீரை அப்படியே குடிக்க வேண்டாம்.

இப்போது மண்டபத்தைச் சுற்றிப் பின்பக்கம் போங்கள். பாதிப்பேர் தவறவிடுவது இதைத்தான். சில கற்படிகள் ஏறினால் மரக் கம்பி போட்ட, நீளமான, ஒற்றைக் கூரைக் கட்டடம் ஒன்று நிற்கும். இதுதான் ஹோன்தென், கருவறை. வெளியே தெரிவது ஒரு போர்வைதான். கம்பிகளுக்கு அருகே போய், கண் இருட்டுக்குப் பழகும் வரை நின்று பாருங்கள். உள்ளே மூன்று சிறு கோயில்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது மெல்லத் தெரியும். நடுக்கோயில் சிறியது, ஓரத்து இரண்டும் பெரியவை. ஒவ்வொன்றின் கூரையும் முன்பக்கம் நீண்டு வழிந்து இறங்கியிருக்கும். வெயிலும் மழையும் படாமல் வெளிக்கட்டடம் காத்ததால்தான் இவ்வளவு காலம் தங்கியிருக்கின்றன. 2004இல் நாராவின் பண்பாட்டுச் சொத்து ஆய்வு நிறுவனம் மர வளையங்களை எண்ணி, மரங்கள் 1060 வாக்கில் வெட்டப்பட்டவை என்று கண்டது. எதிர்க்கரையின் ஃபீனிக்ஸ் மண்டபம் 1053இல் கட்டியது. ஆக ஏழெட்டு ஆண்டு இடைவெளியில், ஆற்றின் இரு கரையிலும், பௌத்தமும் ஷின்தோவும் எழுந்தன. கருவறை, ஹைதென் இரண்டுமே ஜப்பானின் தேசியப் பொக்கிஷங்கள்.

உள்ளே திருவுருவம் தெரியவில்லையே என்று தேட வேண்டாம். ஷின்தோவில் தெய்வம் உறையும் பொருளை மூடியே வைத்திருப்பார்கள், பூசாரிகளே பார்ப்பது அரிது.

கும்பிடும் முறை

காணிக்கைப் பெட்டியில் ஒரு நாணயம் போடுங்கள். 5 யென் மங்கலம் என்று ஜப்பானியர்கள் நினைப்பார்கள், எதுவானாலும் குற்றமில்லை. தொலைவிலிருந்து வீசாமல் மெதுவாக விடுங்கள். இடுப்பு வளைய இரண்டு முறை வணக்கம். மார்பளவில் கை உயர்த்தி இரண்டு முறை தட்டல். கை கூப்பியபடி வேண்டுதல். கடைசியில் ஒரு வணக்கம். பெரும்பாலான கோயில்களில் இதுவே முறை. இசுமோ பெருங்கோயில் போன்ற சில இடங்களில் நான்கு முறை தட்டுவார்கள். ஆற்றின் மறுகரைக்குப் போய்ப் பியோதோயினில் தட்டிவிடாதீர்கள். பௌத்த ஆலயத்தில் ஓசையின்றிக் கை கூப்பினால் போதும்.

அர்ச்சனை, தேங்காய், கற்பூரம், பிரசாதம் எதுவும் இங்கே இல்லை. வீட்டிலிருந்து பூ கொண்டுபோய் வைப்பதும் வேண்டாம். எதையாவது கையில் கொண்டு திரும்பினால்தான் நிறைவு என்பவர்களுக்கு அலுவலகத்தில் ஒமமோரி என்ற காப்புப் பைகள் உண்டு. அதன் வாயைப் பிரித்து உள்ளே என்ன என்று பார்க்கக் கூடாது. வேண்டுதலை எழுதித் தொங்கவிடும் மரப்பலகைக்கு எமா என்று பெயர். தமிழிலேயே எழுதலாம். கோயில் முத்திரை பதித்துத் தரும் கோஷுயின் சேகரிப்பவர்கள் சில்லறையாகப் பணம் வைத்திருங்கள். வீட்டில் சாவு நடந்தால் ஐம்பது நாள் ஷின்தோ கோயிலுக்குப் போகாத வழக்கம் ஜப்பானியரிடம் உண்டு. தீட்டுப் பார்க்கும் வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. வெளிநாட்டவரை யாரும் கேட்பதில்லை.

வளாகத்தில் படம் எடுக்கலாம். கும்பிட்டுக்கொண்டிருப்பவர்களின் முகத்தையும், கம்பிக்குள் கேமராவை நுழைத்தும் எடுக்க வேண்டாம். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் முற்றம் வரை வரலாம், கருவறைப் படிகள் சிரமம்.

பிறகு

சவாராபி பாதையிலேயே தொடர்ந்தால் உஜி நகரின் கெஞ்சி கதை அருங்காட்சியகம் வரும். திங்கள்கிழமை விடுமுறை. நாவலைப் படிக்காதவர்களுக்கும் அங்குள்ள மாட்டுவண்டியும் மாளிகை மாதிரியும் பிடிக்கும். கால் வலிக்காதவர்கள் அதற்கு முன்பே பிரியும் காட்டுப்பாதையில் தாய்கிச்சி மலையின் பார்வை மேடை வரை ஏறலாம். அங்கிருந்து ஆறும், மறுகரையில் ஃபீனிக்ஸ் மண்டபத்தின் கூரையும் தெரியும்.

சாப்பாட்டில் சைவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். உஜியில் எங்கும் விற்கும் சாசோபா, தேயிலைத் தூள் சேர்த்துப் பிசைந்த பச்சை நூடுல்ஸ். பார்க்கச் சைவம்தான். தொட்டுக்கொள்ளும் சாறு உலர்மீனில் காய்ச்சிய தாஷி. "மீன் வேண்டாம்" என்று சொன்னாலும் மீன் துண்டைத்தான் எடுப்பார்கள், சாறு மாறாது. தேயிலை சேர்த்த அரிசி உருண்டை சாதாங்கோவும் வெறும் சோறும் வயிற்றைக் காப்பாற்றும். கடுமையான சைவர்கள் கியோத்தோவிலிருந்தே கட்டுச்சோறு கொண்டுவந்து ஆற்றின் நடுத்திட்டில் உட்கார்ந்து சாப்பிடலாம், கோயில் வளாகத்துக்குள் வேண்டாம்.

தேநீர் குடிக்காமல் இந்த ஊரைவிட்டுப் போகக் கூடாது. கொதிக்கக் கொதிக்கக் குடித்துப் பழகிய நாக்குக்குக் கியோகுரோ என்ற பச்சைத் தேநீர் ஒரு சோதனை. 60 டிகிரிக்கு ஆறவிட்ட நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று வாய்க்கு மேல் வராத சின்னக் கிண்ணத்தில் தருவார்கள். சூடு போதவில்லை என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். முதல் வாய் கடற்பாசிச் சாறு போல இருக்கும், இரண்டாவது ஊற்றலில்தான் தேயிலை பேச ஆரம்பிக்கும். உஜி பாலத்தின் கிழக்கு முனையில் சூயென் என்ற கடை 1160 முதல் தேநீர் விற்பதாகத் தன் மரபைச் சொல்லிக்கொள்கிறது. அங்கே உட்கார இடம் கிடைத்தால் அவசரப்பட வேண்டாம். கெய்ஹான் உஜி நிலையம் கடைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.